‘கிறித்தவர்’ என்னும் சொல்லின் பொருள்: தமிழிலக்கிய வழியே ஒரு நோக்கு

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடமே வடவெல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் குறித்தது. அன்று தொட்டு இம்மலை எல்லையாகவும் நின்றது. இரு மொழியினரை இணைக்கும் பாலமாகவும் நின்றது. அலிபிரியில் தொடங்கி ஏறத்தாழ 3,550 படிகளை ஏறித் திருமலையை அடையும் அடியவருள் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் தோளொடு தோள் உரச நடப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அம்மலையின் அடிவாரத்துத் திருப்பதி நகரிலேயே தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையகமும் அமைந்துள்ளது என்பது வெளியூர் அன்பர் பலருக்கு வியப்பளிக்கும் செய்தியாகும். ‘வைணவத்தின் தலைநகர் போன்ற இவ்வூரில் லுத்தரன் சபை எவ்வாறு வந்தது?’ என வினவுவோர் உளர். அதற்கு வரலாறு எளிதாக விடை கூறிவிடும். ‘லுத்தரன் என்றால் யார்? கத்தோலிக்கர் வேறா? பெந்தெகொஸ்தே என்போர் எவர்? இவர்கள் அனைவரும் கிறித்தவர்தாமா? அங்ஙனமாயின் கிறித்தவர் என்பதன் பொருள்தான் யாது?’ என அடுத்து எழும் வினாக்களுக்கே விடை காண்பது அரிது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வினாவை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 6.12 விழுக்காட்டினர் கிறித்தவர். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1.34 விழுக்காட்டினர். கணக்கெடுப்போர்க்கு அது போதும். வியப்பு யாதெனின், நம் இலக்கிய வரலாற்று ஆசிரியர் பலரும் கணக்கெடுப்போரைப் போலவே நடந்துகொண்டமையாகும். ‘கிறித்தவர் தமிழ்த்தொண்டு’ என ஓர் இயலை வகுத்து, வீரமாமுனிவரையும் சீகன்பால்கையும் வேதநாயக சாஸ்திரியாரையும் கிருஷ்ண பிள்ளையையும் போப்பையரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே மாலையை அனைவர்க்கும் சூட்டி அமைந்தனர். இவர்கள் ஒரே சபையினர் அல்லர். தம்முள் கடுமையாக வாதிட்டவரும் இவருள் உளர். ஒருவர் நூலை மற்றவர் மறுத்தெழுதியதும் உண்டு. அவ்வேறுபாட்டை மறைத்துவிட்டால் அவர்தம் நூல்களின் உயிர்நிலையும் மறைந்துவிடும் என்பதே நம் கருத்து. கிறித்தவர் எனப்படுதலின் பொருளை இச்சபைகள் எவ்வாறு வெவ்வேறாக உணர்ந்தன என்பதைக் கொள்கை விளக்க நூல்களைவிடத் தமிழ்க் காப்பியங்களும் சிற்றிலக்கியங்களும் தெளிவாகக் காட்டுகின்றன. அதனை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு மாவட்டத்தில் பல சபைகள்

முதற்கண் நம் அண்டை நிலத்தையே நோக்குவோம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சேசு சபைத் துறவியர் கர்நாடக மிஷன் என்னும் பெயரில் புங்கனூர்ப் பக்கத்தே பணியாற்றினர். அவர் வழியே வந்தது கத்தோலிக்கம். 1853-இல் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஸ்கடர் குடும்பத்தார் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். வேலூர், சித்தூர், மதனப்பள்ளி ஆகிய ஊர்களில் அச்சபை வேரூன்றியது. அக்குடும்பத்தில் தோன்றிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய வேலூர் மருத்துவமனையை அறியாத குடும்பம் இப்பகுதியில் இல்லை எனலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மானிய ஹெர்மன்ஸ்பர்க் மிஷனார் சூலூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை, திருப்பதி முதலிய இடங்களில் தெலுங்கு மக்களிடையே லுத்தரன் சபைகளை அமைத்தனர். 20-ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் வந்தன. இன்று வாடகைக் கூடங்களில் கூடும் சிறு சபைகளும் பலவாக உள்ளன.

இவை அனைத்தும் பிரிந்தே நின்றன என்பதற்கில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் முன்னரே கலந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆயர் ஆட்சி உடைய சபையும் அஃதில்லாத சபையும் ஒன்றாகக் கூடியது உலகத் திருச்சபை வரலாற்றில் புதுமை எனப் பாராட்டப்பட்டது. ஆயினும் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும் அதில் இணைந்திலர். இந்நிலமும் அதுபோன்றதே. 1911-இல் வடார்க்காட்டிலிருந்து சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறின, மக்கள் மாறவில்லை. சபைகளின் கதையும் பெரும்பாலும் அஃதே.

சொற்களே காட்டும் வேற்றுமை

சபைகளுக்கு இடையேயுள்ள வேற்றுமையை அறியக் கொள்கை நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. அவர்கள் வழங்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டாலே போதும். பழைய கத்தோலிக்கத் தமிழில் இறைவன் ‘சர்வேசுரன்’. லுத்தரன் மரபில் பெப்ரிசியு தம் மொழிபெயர்ப்பில் அவனைப் ‘பராபரன்’ என்றார். 1871-இல் வெளிவந்த சீர்திருத்த சபையாரின் ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி ஆக்கி 1995-இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்றது. ஒரே பரம்பொருளைச் சுட்ட நான்கு பெயர்கள்; ஒவ்வொன்றும் ஒரு காலத்தையும் ஒரு சபையையும் சுட்டும் முத்திரையாக விளங்குகிறது.

அடியார் பெயர்களிலும் இவ்வாறே. கத்தோலிக்கரின் இராயப்பர் ஏனையோர்க்குப் பேதுரு, சின்னப்பர் பவுல், அருளப்பர் யோவான், சூசையப்பர் யோசேப்பு. முன்னவர் பெயர்களைத் தமிழாக்கி ‘அப்பர்’ என உறவுமுறை கூட்டி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டனர். பின்னவர் மூல ஒலியைக் காத்தலே மறைநூலுக்குச் செய்யும் மரியாதை எனக் கருதினர். குருவைக் கத்தோலிக்கர் ‘சாமியார்’ என்றனர். சீர்திருத்த சபையார் ‘ஐயர்’ என்றனர். பெந்தெகொஸ்தே சபையார் ‘பாஸ்டர்’ என்கின்றனர். இயேசு பெருமான் தம் சீடரோடு உண்ட இறுதி உணவின் நினைவாக நிகழும் சடங்கு ஓரிடத்தில் நற்கருணை, ஓரிடத்தில் இராப்போசனம், ஓரிடத்தில் திருவிருந்து, மற்றோரிடத்தில் அப்பம் பிட்குதல். இவ்விறுதிச் சொல்லிடத்துக்கு நாம் மீண்டும் வருவோம். நம் வினாவுக்கு விடை அப்பந்தியில்தான் இருக்கிறது.

தலைவன் யார்? – மூன்று நூல்கள்

ஒரு காப்பியத்தின் கொள்கையை அறிய வேண்டின், அதன் ஆசிரியர் எவரைத் தலைவராகத் தேர்ந்தார் என்று காணல் வேண்டும். கிறித்தவத் தமிழில் மூன்று பெருநூல்கள் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றன. மூன்றும் மூன்று சபைச் சூழலில் பிறந்தவை.

முதலாவது, வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல் கொண்ட இப்பெருங்காப்பியத்தின் தலைவர் இயேசுபிரான் அல்லர். அவரை வளர்த்த சூசையப்பரே. முனிவர் அவருக்கு ‘வளன்’ எனத் தமிழ்ப்பெயர் இட்டார். விவிலியத்தில் சூசையப்பர் பேசிய சொல் ஒன்றேனும் இல்லை. பேசாத அம்மனிதரைக் காப்பியத் தலைவராக்கும் துணிவு கத்தோலிக்க மரபிலிருந்தே வரக்கூடும். புனிதர்களின் துணையை நாடி, அன்னையையும் தந்தையையும் குழந்தையையும் ஒருசேர வணங்கும் மரபு அது. வளன் தச்சர், துறவுள்ளம் கொண்டும் இல்லறத்தில் நின்றவர், குழந்தைக்காக எகிப்து நாட்டுக்கு ஓடியவர். யூதேய நாட்டைச் சோழ நாடு போலப் பாடிய முனிவர், அதன் நடுவே ஓர் எளிய வீட்டைக் கட்டினார். அவர் கருத்தில் கிறித்தவராதல் என்பது ஒரு குடும்பத்தின் உறுப்பாதல். வானிலும் மண்ணிலும் விரிந்த ஒரு பேரில்லத்துக்குள் நுழைதல்.

இரண்டாவது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். தரங்கம்பாடி லுத்தரன் மரபில் வந்த சுவார்ச் ஐயரின் மாணவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியின் காலத்தவர். குறவஞ்சி என்பது உலாவரும் தலைவன்மேல் காதல் கொண்ட தலைவிக்குக் குறத்தி குறி சொல்லும் நாடகம் என்பதை நாம் அறிவோம். சாஸ்திரியார் அத்தலைவனைக் கிறித்துவாகவும், தேவமோகினி என்னும் தலைவியைத் திருச்சபையாகவும் அமைத்தார். தேவதாசியர் ஆடிய ஓர் இலக்கிய வகையை இறைவழிபாட்டுக்கு ஆக்கியது சிறிய செயலன்று. ஈண்டுத் தலைவி தனியொருத்தி அல்லள். பாடும் சபை முழுதுமே தலைவி. லுத்தரன் மரபின் உயிர்நிலை சபையார் கூடிப் பாடும் பாட்டு என்பர். அதனைக் கருநாடக இசையிலும் தமிழ்ச் சந்தத்திலும் ஏற்றியவர் சாஸ்திரியார். அவர் கருத்தில் கிறித்தவராதல் என்பது ஒரு மணம். அழைப்புக்குக் காதலால் மறுமொழி கூறுதல். அதனையும் தனித்தன்றிக் கூடிநின்று பாடுதல்.

மூன்றாவது, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம். 1827-இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர் இவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவி, 3,766 பாடல்களில் ஐந்து பருவங்களாக அவர் பாடிய இக்காப்பியம் 1894-இல் நூலாக வெளிவந்தது. இதன் தலைவன் பெயர்பெற்ற புனிதன் அல்லன், மன்னன் அல்லன், முதுகில் பாவச்சுமையோடு வீட்டைவிட்டுப் புறப்படும் ஒரு தனிமனிதன். மனைவியும் மக்களும் அயலாரும் தடுத்தும் நில்லாது அவன் நடக்கிறான். இஃது அக்காலச் சீர்திருத்த சபைகளின் எழுப்புதல் மரபு. அம்மரபில் கிறித்தவராதல் பிறப்பால் வருவதன்று. ஒருவன் தன் உள்ளத்தே உணர்ந்து எடுக்கும் முடிவு. அஃது ஒரு வழி. நடந்தே தீரவேண்டிய நெடுவழி.

திருப்பதியில் இருந்து இந்நூலைக் கற்கும் நமக்கு மற்றொன்றும் புலனாகிறது. ஆங்கிலப் பனியனின் பயணியைக் கிருஷ்ண பிள்ளை தமிழ் அடியவனாக ஆக்கிவிட்டார். நூலின் ஒரு பருவத்துக்கு ஆரணிய பருவம் எனப் பெயரிட்டபோது கம்பரின் ஆரணிய காண்டம் அவர் நெஞ்சில் ஒலித்தது. இடையிடையே அமைந்த இசைப்பாடல்களுக்குத் ‘தேவாரம்’ என்றே பெயர் சூட்டினார். திருமலைக்கு நடந்தேறும் அடியவனின் வியர்வையும் உருக்கமும் அவருக்குக் குடிவழியே தெரிந்தவை. மலை மாறிற்று, நடக்கும் கால் மாறவில்லை. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டம் அவர் கற்ற யாப்புக்கு மட்டும் உரியதன்று. தாம் விட்டுவந்த மரபின் உருக்கத்தைத் தம்மோடு எடுத்துவந்தமைக்கும் உரியது.

இல்லம், மணம், வழி என மூன்று நூல்களும் மூன்று பொருள் கூறின. இவற்றை ஒரே இயலில் ஒரே அடைமொழியோடு அடுக்குதல் எத்துணைப் பொருந்தாச் செயல் என்பதை அன்பர்கள் உணர்வார்கள்.

வேலி தாண்டிய நூல்கள்

இனி இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். சபைகள் எழுப்பிய வேலிகளை நூல்கள் மதித்ததில்லை. வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன்மாரைக் கண்டித்துப் பேதகமறுத்தல், லுத்தேர் இனத்தியல்பு ஆகிய நூல்களை எழுதினார். அவருடைய உரைநடையின் கூர்மையை அங்குக் காணலாம். அதே முனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-இல் அச்சேற்றியது எது? அவர் கண்டித்த அத்தரங்கம்பாடி லுத்தரன்மாரின் அச்சகமே! கொள்கையில் பகைவர்; தமிழில் மாணாக்கர். இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பனியனின் கதை இன்னும் வியப்பானது. இங்கிலாந்தின் அரசுச் சபையாகிய ஆங்கிலிக்கன் சபைக்குப் புறம்பே நின்று உரிமமின்றிப் போதித்தார் என்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் பனியன். இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், அவர் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த ஒரு தமிழ்ப் புலவர். சிறையிட்ட சபையின் மடியிலேயே சிறையுண்டவன் கனவு தமிழாய்ப் பிறந்தது.

கத்தோலிக்கராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். 1879-இல் தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை அளித்தார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். ஒரு சைவர் கத்தோலிக்க நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கோவை பாடுவது எத்தகைய நட்பு! சபைக்குச் சபை வேலி மட்டுமன்றிச் சமயத்துக்குச் சமயம் இருந்த வேலியும் தமிழின் முன் தாழ்ந்தது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிதாக முடியும். மலருக்கு அழகாகவும் இருக்கும். ஆயின் அது முழு உண்மையாகாது.

பந்தியில் நின்ற சுவர்

சபைகளைப் பிரித்தவை கொள்கைகள் மட்டுமல்ல. கொள்கையால் பிரிந்த சபைகள் அனைத்திலும் ஒரு பிரிவு ஒரே தன்மையதாய் நின்றது, அதுவே சாதி.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயருடன் காவியுடுத்து, பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, குல வழக்கங்களே என வாதிட்டார். 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவ்வாதத்தை ஏற்றார். தமிழ் மண்ணின் வழக்கங்களை மதித்த அப்பேருள்ளத்தை நாம் போற்றுகிறோம். ஆயின் அதன் விளைவாக உயர்குலத்தார்க்கு ஒரு குரு, ஏனையோர்க்குப் பண்டார சுவாமி என இருவகைக் குருமார் தோன்றினர் என்பதையும் மறத்தலாகாது.

வேதநாயக சாஸ்திரியார் வரலாறு இதனினும் சிக்கலானது. 1820-களில் தஞ்சைச் சபைக்கு வந்த புதிய பாதிரிமார், பழகிய பெப்ரிசியு மொழிபெயர்ப்பையும் பூச்சூடலையும் இசைமரபையும் மாற்ற முற்பட்டனர். அதனோடு இராப்போசனத்தில் எல்லாச் சாதியாரும் கலந்தமர வேண்டும் என்றனர். சாஸ்திரியார் அனைத்தையும் ஒருசேர எதிர்த்தார். அவர் எதிர்ப்பில் தமிழிசையின் உரிமையும் இருந்தது. சாதியின் உரிமையும் இருந்தது. முன்னதற்காக அவரைப் போற்றுவோர் பின்னதை மறைப்பர். பின்னதற்காக இகழ்வோர் முன்னதை மறப்பர். திறனாய்வாளர் இரண்டையும் ஒருங்கே கூறல் வேண்டும். தேவமோகினி என்னும் ஒரே மணமகளாகச் சபையைப் பாடிய கவிஞர், அவள் அமர வேண்டிய பந்தியை இரண்டாக்க விரும்பினார். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையில் அடியோடு விலக்குமாறு ஆணை விடுத்தார். ஆணை வந்தது, வேற்றுமை போகவில்லை.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோயில் இரு சிறகுகளாகப் பிரிந்தது. ஒரு பீடம், இரு கூடம், நடுவே சுவர். 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. மறுபுறம், வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்தும் புதிய சபைகள் பிறந்தன. 1857-இல் சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம், ஆங்கிலிக்கன் பாதிரிமாரோடு முரண்பட்டு இந்து கிறித்தவ ஏகரட்சகர் சபையை நாசரேத்தை அடுத்த பகுதியில் நிறுவினார். தம் குலத்தைத் தாழ்த்தி எழுதிய பாதிரிமாரின் நூல் அதற்குத் தூண்டுதலாயிற்று. இந்நாட்டில் ஒரு புதிய சபை தோன்றுவதற்குக் கொள்கை மட்டுமன்றி மானமும் காரணமாகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நாம் மேலே போற்றிய முப்பெரும் நூல்களில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரல் இல்லை. தமிழ்க் கிறித்தவருள் பெரும்பகுதியினர் அவர்களே ஆயினும், நெடுங்காலம் அவர்கள் கேட்போராகவே இருந்தனர். அக்குரல் தெலுங்கில் முந்தி எழுந்தது. வினுகொண்டாவில் 1895-இல் பிறந்த குர்ரம் ஜாஷுவா, கிறித்தவராயிருந்தும் தீண்டாமையின் கொடுமையை உண்டவர். 1941-இல் வெளிவந்த அவருடைய ‘கப்பிலம்’ என்னும் காவியத்தில் தீண்டப்படாத ஒருவன் காசியில் உறையும் சிவபெருமானுக்கு ஒரு வௌவாலைத் தூதனுப்புகிறான். மேகமும் அன்னமும் தூது சென்ற மரபில் வௌவால் ஏன்? தான் நுழைய இயலாத கருவறைக்குள் அஃது ஒன்றே தடையின்றி நுழையும். அக்கவிஞரே ‘கிறித்து சரித்திரம்’ பாடி 1964-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சிவனிடம் முறையிட்டவரும் கிறித்துவைப் பாடியவரும் ஒருவரே. அவருக்குக் கிறித்தவராதல் என்பது ஒரு வேலிக்குள் அடைபடுதல் அன்று. நீதி கேட்கும் உரிமை.

தமிழில் அக்குரல் 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வழியே எழுந்தது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின் வெளியேறிய ஒரு பெண்ணின் தன்வரலாறு அது. செந்தமிழில் அன்றி ஊர்ப்பேச்சில் எழுதப்பட்டதால் முதலில் முகஞ்சுளித்தோர் உண்டு. தேம்பாவணி கட்டிய இல்லத்துக்குள் தமக்குத் திண்ணையே தரப்பட்டது என அந்நூல் கூறியது. கிறித்தவத் தமிழ் வரலாற்றில் தேம்பாவணிக்கு எத்துணை இடமுண்டோ அத்துணை இடம் கருக்குக்கும் தருதல் வேண்டும் என்பது நம் துணிபு.

சட்டமும் இவ்வினாவில் தலையிட்டுள்ளது. பட்டியல் சாதிகள் குறித்த 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அத்தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது, 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது, கிறித்தவர்க்கு விரியவில்லை. ஆந்திரத்தில் மதம் மாறிய பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோருள் ‘சி’ பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர். ஆகவே சான்றிதழில் ஒரு சமயமும் நெஞ்சில் ஒரு சமயமுமாக வாழ்வோர் இவ்விரு மாநிலங்களிலும் உளர். ‘நீர் கிறித்தவரா?’ என்னும் வினா நமக்கு இலக்கிய ஆராய்ச்சி. அவர்க்கோ பிள்ளையின் படிப்பும் வேலையும் அதில் தொங்குகின்றன.

சாட்சி என்னும் இலக்கியம்

பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி ஒரு சொல். காப்பியம் படைக்காதவர் என்பதால் இலக்கிய வரலாற்றார் இவர்களைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் அவர்தம் கூட்டங்களில் ‘சாட்சி சொல்லுதல்’ என ஒரு வழக்கு உண்டு. கட்டட வேலைக்குச் செல்லும் பெண்ணொருத்தி எழுந்து நின்று, தன் நோயையும் கடனையும் கணவன் குடியையும் அதினின்று தான் மீண்டதையும் தன் சொற்களில் கூறுவாள். எழுத்தறியாதார்க்கும் தன்வரலாறு கூறும் மேடையை அது தருகிறது. கிருஷ்ண பிள்ளையின் யாத்திரிகன் 3,766 பாடல்களில் நடந்த வழியை அவள் பத்து நிமிடத்தில் நடந்து காட்டுகிறாள். அதில் மிகையும் உண்டு, பிற சமயத்தைத் தாழ்த்தும் குறையும் சில இடங்களில் உண்டு. அக்குறையை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அவளுடைய பேச்சைச் செவிமடுக்காத திறனாய்வு நிறைவுடையதாகாது.

முடிவுரை

நம் வினாவுக்கு மீள்வோம். கிறித்தவர் என்பதன் பொருள் யாது? கத்தோலிக்கக் காப்பியம் இல்லம் என்றது. லுத்தரன் குறவஞ்சி மணம் என்றது. ஆங்கிலிக்கன் புலவரின் யாத்திரிகம் வழி என்றது. மூன்றும் மெய்; மூன்றும் தத்தம் சபையின் உள்ளத்திலிருந்து பிறந்தவை; மூன்றையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே சுவைத்தலே முறை. ஆயின் இம்மூன்றையும் அளந்தறியும் நான்காவது பொருள் ஒன்றுண்டு. அதுவே பந்தி. நற்கருணை எனினும் இராப்போசனம் எனினும் அப்பம் பிட்குதல் எனினும், அங்கே யார் யாரோடு அமர்கிறார் என்பதே இறுதி விடை. இல்லத்தில் திண்ணையும் மணத்தில் தனிப்பந்தியும் வழியில் விலகு என்னும் குரலும் இருக்கும் வரை, எந்தச் சபையும் தன் காப்பியத்துக்குத் தகுதியுடையதாகவில்லை.

இவ்வளவுகோல் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. திருமலைப் படிகளில் ஏறுவோர் யார் எக்குலம் எனக் கேளாது, முன்னே தளர்ந்து நின்ற முதியவளின் கையைப் பின்னே வந்தவர் பற்றிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கை பற்றும் கணத்தில் வைணவத்தின் பொருளும் விளங்குகிறது. கிறித்தவத்தின் பொருளும் விளங்குகிறது. அக்கணத்தைச் சொல்லில் வடித்த நூல் எச்சபையில் பிறந்தாலும் அது தமிழருடைய நூல் என்று கொள்வோம்.